மேகத்துக்குள் ரீபா

போர்ச்சுகலில் நடக்கும் கட்டடக்கலைக் கண்காட்சிக்கு ஜெனோவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இளம் கட்டடக்கலைஞர்களுக்கான உதவித்தொகை. மூன்று மாதம் அங்கே தங்கி, வரைபடங்களைச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். விண்ணப்பித்தது அவனும் மனைவி ரீபாவும். முடிவு வருவதற்குள் ரீபா காய்ச்சலில் போய்விட்டாள்.

வரைந்திருந்தது ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஓர் ஆற்றுப் படித்துறைக்கு. பெண்கள் உடை மாற்ற ஓர் அறை. வெள்ளம் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிடும். சுவர் நிற்கும்.

கண்காட்சியின் ஒருங்கிணைப்பாளர் கிளாரா கணினித் திரையில் கனிவாகவே பேசினாள். "சுவரில் நேரில் பங்கேற்பவர் பெயர் மட்டும்தான் வரும், ஜெனோ. விதி அப்படி. உங்கள் மனைவியின் பெயரைக் கீழே நன்றியில் சேர்க்கிறோம். நாளைக்குள் சம்மதம் சொல்லுங்கள்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். ரீபா போனதிலிருந்து அவன் எதையும் யோசிப்பதில்லை.

மாமனார் அப்பாத்துரை பக்கத்து நாற்காலியில் இருந்தார். "பேரு எங்கன இருந்தா என்ன மாப்ள? இந்தச் சுவத்தையே எத்தன நாள் பாத்துட்டு இருப்பீய? அந்த ஊர்ச் சுவத்தையும் போய்ப் பாத்துட்டு வாங்க."

அதுவும் சரியென்றே பட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

தெருமுனையில் அவனே நின்றான், ஆள் உயரத்துக்கு மேல். கூடப் படித்த மாரிராஜின் ஃபிளெக்ஸ் கடை அங்கேதான். 'அகில உலகம் அழைக்கும் எங்கள் பொறியாளரே!' ஜெனோ போட்டே பார்க்காத கோட்டு. பின்னால் விமானம். இடது மேல்மூலையில் மேகத்துக்குள் ஒரு சின்ன வட்டம், அதில் ரீபா. 'ஆசியுடன்' என்று கீழே. கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது. அவன் தோள் ஓரமாகத் தெரிந்தது.

அங்கே நின்ற பைக்கின் சீட்டில் ஏறி, ஃபிளெக்ஸைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தான். மாரிராஜ் ஓடி வந்தான்.

"ஏலே, கிறுக்கு புடிச்சிட்டா? காலையில இருந்து உக்காந்து அடிச்சதுலே!"

"அவள ஏம்லே அங்கன வச்ச?"

"பின்ன எங்கன வைக்க? போனவங்கள மேலதான் வைப்பாங்க. எங்க அய்யாவ வைக்கல? மேகமெல்லாம் போட்டுருக்கேன், சும்மாவா?"

"வரஞ்சது அவ."

"நீயுந்தானலே வரஞ்ச?"

"நான் அந்தப் படித்துறையில கால் வச்சதே இல்ல."

உண்மைதான். அது பெண்கள் படித்துறை. ஆண்கள் மருத மரத்தோடு நின்றுவிட வேண்டும். ரீபாதான் இறங்கி, ஈரச் சேலையோடு நிற்பாள். ஒருத்தி மறைப்புப் பிடிக்க இன்னொருத்தி எப்படி மாற்றுகிறாள், முழங்கை எங்கே இடிக்கிறது, அக்கரையிலிருந்து பார்வை எங்கே விழுகிறது, எல்லாம் பார்த்து வந்து சொல்வாள். வாழைத்தோப்பு ஓரம் பையோடு நிற்பவன் ஜெனோ. சுவர் ஏன் அந்த உயரம் என்று போர்ச்சுகலில் யாராவது கேட்டால் அவனுக்குத் தெரியாது. தெரிந்தவளுக்கு இங்கே மேகம். அங்கே நன்றி.

கோபம் வந்தது. கல்லறைத் தோட்டத்தில்கூட வராத கோபம். அங்கேயே நின்று கிளாராவை அழைத்தான்.

"இரண்டு பெயர். ஒரே அளவில். அவள் பெயர் முதலில்."

"விதியில் இடமில்லை, ஜெனோ. எனக்கு வருத்தம்தான்."

"வருத்தம் வேண்டாம். பெயர் வேண்டும்."

"அப்படியானால் உங்கள் இடம் வேறொருவருக்குப் போகும்."

"போகட்டும்."

"வரைபடங்களையாவது அனுப்பலாமே? எவ்வளவோ பேர் பார்ப்பார்கள்."

"அதுவும் வராது."

மாரிராஜுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரிந்தது. "போர்ச்சுகல் போச்சாலே?"

"போச்சு."

"ஒங்க மாமா வைவாருலே."

"வையட்டும்."

வீட்டில் வைதார். "வந்தத எத்திவிட்டுட்டு வந்து நிக்கியளே! பெரிய ஆளோ?"

"ஒங்க மக பேரு இல்லாத சுவத்துல எனக்கு வேல இல்ல மாமா."

அப்பாத்துரை அதற்கும் ஏதோ சொல்ல வந்தார். ஜெனோ கணினியைத் திறந்திருந்தான். கிளாராவுக்கு மறுப்பு எழுத்தில் போக வேண்டும். இரண்டே வரி. கீழே ரீபா என்று அடித்தான். அதன் பக்கத்தில் ஜெனோ.

அனுப்பினான்.