ரெஜினாவின் பன்னிரண்டாம் சைஸ்

நாத்தனார் ரெஜினாவைக் கண்டாலே கிளாடிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தக் கவுன் விஷயத்திலோ வயிறே எரிந்தது. எழுபது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து மாடல், இடுப்பு சிக்கென்று, கீழே பாவாடை விரிந்து நிற்கும். அதை வெட்டித் தைப்பதற்கான அந்தக் காலத்துப் பேப்பர் பேட்டர்னை ஆன்லைனில் தேடிப் பிடித்து வாங்கியது கிளாடிஸ். ரெஜினாவின் பதிவுத் திருமணத்துக்கு அதை உடுத்திப் போய், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு நாளாவது தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசை. படத்தைப் பார்த்ததும் ரெஜினா பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்குத் தைச்சுக் கொடுங்க அண்ணி. கல்யாணப் பொண்ணு நானா, நீங்களா?"

"அதானே! ஆசையைப் பாரு!" என்றாள் மாமியார் அமலம்மாள். கணவன் டேரில் வழக்கம்போல வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு போனை நோண்டினான்.

டேப்போடு போனால் மகாராணி அளவெடுக்க நிற்கவில்லை.

"நான் சைஸ் பன்னிரண்டு. பேட்டர்ன் கவர்லயும் பன்னிரண்டுன்னுதான் இருக்கு. அப்படியே வெட்டுங்கலா."

"அது அந்தக் காலத்துக் கணக்கு ரெஜினா. இப்போ கடையில விக்கிற ஆறு சைஸ்தான் அது. உனக்குப் பத்தாது."

"அப்போ நான் குண்டுன்னு சொல்றீங்க!"

"பொண்ணு உடம்பு மேல கண்ணு வைக்காதே!" என்று அடுப்படியிலிருந்து அமலம்மாள் கத்தினாள்.

சரி, பட்டால்தான் தெரியும் என்று கிளாடிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். லிட்டில் இந்தியா கடைகளுக்குச் சேலை ரவிக்கை தைக்கிற கை அது. நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிட வேண்டுமே என்று, உள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விடாமல் அவள் எந்த ரவிக்கையையும் வெட்டியதில்லை. இந்த முறை விடவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வாங்கித் தந்த வெளிர்நீலப் பட்டுத் துணியை, பேட்டர்ன் பேப்பரை ஒட்டியே நறுக்கினாள். நல்லா வேணும்!

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அதே பேட்டர்னைத் தன் அளவுக்குப் பெரிதாக்கி, ரோஜா நிறச் சாட்டினில் தனக்கும் ஒன்று தைத்து அலமாரியில் மாட்டினாள்.

திருமணத்தன்று காலையில்தான் ரெஜினா பட்டுக் கவுனைப் போட்டுப் பார்த்தாள். ஜிப் பாதி முதுகில் நின்றது. அமலம்மாள் இழுத்த இழுப்பில் பக்கத் தையல் டர்ரென்று கிழிந்தது. கிளாடிஸுக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

"பன்னிரண்டுன்னு நீதானே சொன்னே?"

ரெஜினா அழுவாள் என்று பார்த்தாள். அழவில்லை.

"அண்ணே, அண்ணி அலமாரியில ரோஜா கலர் கவுன் ஒண்ணு தொங்குது. எடுத்துட்டு வா."

டேரில் எடுத்துக்கொண்டு வந்தே விட்டான்.

"டேரில், அது என்னோடது!"

"விடு கிளாடிஸ், நேரமாச்சு. தங்கச்சி கல்யாணம்லா."

பதிவு அலுவலகத்தில் கிளாடிஸ் சாயம்போன பஞ்சாபி சூட்டில் ஓரமாக நின்றாள். ரோஜா நிறக் கவுனில், இடுப்பில் பெல்ட் கட்டி நின்ற மருமகளை மாப்பிள்ளையின் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கவுன் அழகா இருக்கும்மா. நான் கொடுத்த பட்டு என்னாச்சு?"

"அண்ணி கெடுத்துட்டாங்க ஆன்ட்டி" என்றாள் ரெஜினா, எல்லோர் காதிலும் விழும்படி. "பாவம், அவங்களுக்கு ரவிக்கை தைக்கத்தான் தெரியும். நல்லவேளை, இதை வாங்கி வச்சிருந்தேன்."

மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கிளாடிஸைத் திரும்பிப் பார்த்தார்கள். டேரில் தரையைப் பார்த்தான். அவளுக்கு அவமானத்தில் காது சூடானது.

படம் எடுக்க வரிசையாக நின்றபோது ரெஜினா அவள் தோளில் கைபோட்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே காதோரம் சொன்னாள்.

"போன வாரமே உங்க அலமாரியைத் திறந்து இதைப் போட்டுப் பார்த்துட்டேன் அண்ணி. இடுப்புலதான் ரொம்ப லூசு. அதுக்குத்தான் இந்த பெல்ட்டு."