கேமரா போடாத பெண்

'இறந்தவரின் தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் பேனாவைத் தூக்கினாள்.

"கூலின்னு போடு," என்றான் அண்ணன். கூடம் முழுக்க ஆட்கள். சமையல் மேடையில் வைத்துத்தான் படிவம் எழுத முடிந்தது.

"கூலி இல்ல. டைல்ஸ் ஒட்டுறவர்."

"அந்தக் கட்டத்துல அவ்வளவு இடம் இருக்கா?"

இடம் இல்லை. எழுத்துகளை நெருக்கி, கோட்டுக்கு வெளியே வழியவிட்டு எழுதினாள். பன்னிரண்டு வயதிலிருந்து இந்தத் தெருவுக்கே படிவம் நிரப்பித் தருகிறவள் அவள். வீட்டில் ஒருத்தி படித்துத் தொலைத்தால், அப்புறம் யார் பிறந்தாலும் யார் செத்தாலும் பேனா அவள் கைக்குத்தான் வரும். அழுகிற வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அப்பா காலை ஆறு மணிக்கு இறந்திருந்தார். முப்பது வருடம் கல் அறுத்த தூசி நெஞ்சுக்குள் தங்கிவிட்டது என்று எட்டு மாதத்துக்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். அதே டாக்டர் இன்று வந்து தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அப்பாவை எடுத்துப்போக வண்டி பன்னிரண்டுக்கு வரும். இப்போது மணி பதினொன்று நாற்பது.

மேடைமேல் இருந்த போன் அதிர்ந்தது. கல்லூரியிலிருந்து மெயில். அவள் பொறுப்பில் இருக்கும் முப்பத்திரண்டு முதலாண்டுப் பிள்ளைகளில் ஒருத்தி படிப்பை நிறுத்திக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தாள். காரணம்: சொந்தக் காரணம். இன்று பன்னிரண்டு மணிக்குள் வழிகாட்டி ஆசிரியர் மறுப்புப் பதியாவிட்டால் மாணவியின் பெயர் தானாகவே நீக்கப்படும்.

தானாகவே. அந்தச் சொல்லை உட்கார்ந்து யோசித்து எழுதியவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குத் தெரியாது. குரல் தெரியும். அதுவும் இரண்டே சொல். 'சரி மிஸ்'. அப்பா அந்த மாணவிக்கு வைத்த பெயரும் அதுதான்.

இரண்டு வருடம் வகுப்பறையில் இதே ஆசிரியர் வேலையைச் செய்தவள் அவள். அங்கே யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பையை மடியிலேயே வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பவள் மதியத்துக்குள் ஓடிவிடுவாள். குழாயடியில் மடக்கி நிறுத்தி இரண்டு கேள்வி கேட்டால் கண் கலங்கும், விஷயம் வந்துவிடும். அப்பா படுத்த பிறகு வீட்டிலிருந்தே பார்க்கிற ஆன்லைன் பிரிவுக்கு மாற்றிக்கொண்டாள். திரையில் முப்பத்திரண்டு கறுப்புக் கட்டங்கள். ஒருவரும் கேமரா போட மாட்டார்கள். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது மிஸ்." சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும்.

வீட்டில் இருந்த ஒரே மேசை அப்பாவின் கட்டில் காலடியில் கிடந்தது. அங்கேதான் லேப்டாப். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எல்லா வகுப்பையும் கேட்பார். "குக்கர் இன்னிக்கு லேட்டா வந்திருக்கு போல?" என்பார். அந்தப் பையன் மைக்கைத் திறந்தாலே பின்னால் விசில் அடிக்கும். "இருமல்காரன் ரெண்டு நாளா இருமலையே, எனக்கு அனுப்பிட்டானா?" என்று சொல்லிச் சிரித்து, சிரித்ததில் இருமுவார்.

போன வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் சொன்னார்: "அந்த 'சரி மிஸ்' பொய் சொல்லுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

படுத்தபடியே விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். "கல்லு ஒட்டினதும் தட்டிப் பாப்போம். உள்ள கலவை நெறைஞ்சிருந்தா ஒரு சத்தம். காலியா, பொக்கா இருந்தா வேற சத்தம். இது பொக்கு. இந்த வாரமே நின்னுடும் பாரு."

"நீ கல்லைப் பாருப்பா. புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்."

எட்டு மாதமாக ஒரு கல்லைக்கூடத் தொடாத மனிதரிடம் அப்படிச் சொல்லியிருந்தாள்.

படிவத்தை அண்ணன் கையில் திணித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"எங்க போறா அவ?" என்று கூடத்திலிருந்து அத்தை கேட்டது காதில் விழுந்தது.

"ஆபீஸ் போனாம்," என்றாள் அண்ணி. "பெரிய கலெக்டரு."

அண்ணன் பாதிப் படிவரை பின்னாலேயே வந்தான். "அவர் உள்ள கெடக்காரு. உனக்கு இப்பதான் வேலையா?"

"ஒரே ஒரு போன்ணே. ஒரு பொண்ணு படிப்ப நிறுத்தப் போறா."

"யாரவ? மூஞ்சி தெரியுமா?"

"தெரியாது."

"மூஞ்சி தெரியாதவளுக்குப் போன். மூஞ்சி தெரிஞ்சவர் பக்கத்துல உக்கார நேரமில்ல."

"எட்டு மாசம் உக்காந்திருந்தேன். நீ எத்தன நாள் உக்காந்த?"

ஒன்பதாம் வகுப்பில் புத்தகத்தைப் போட்டுவிட்டு அப்பாவோடு மணல் சுமக்கப் போனவன் அவன். அவள் படித்தது அதனால்தான். ஒருநாளும் அதை அவன் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை. படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை அந்தப் பெண் எடுத்தாள்.

"சொல்லுங்க மிஸ்."

"உன் லெட்டர் பாத்தேன்."

"சரி மிஸ்."

"என்ன சரி? ஏன்னு கேக்குறேன்."

சத்தமே இல்லை. வகுப்பறையில் மௌனத்துக்கு ஒரு முகம் இருக்கும். நகம் கடிக்கும், ஜன்னலைப் பார்க்கும். இங்கே சிக்னல் இருக்கிறதா போய்விட்டதா என்பதுகூடத் தெரியவில்லை.

"வீட்ல கல்யாணம் கில்யாணம்னு ஆரம்பிச்சுட்டாங்களா?"

"ஐயோ, இல்ல மிஸ்."

"அப்புறம்?"

"சொந்தக் காரணம் மிஸ்."

கீழே புதிதாக யாரோ வந்திருக்க வேண்டும். அழுகை ஒரேயடியாக எழுந்து அடங்கியது.

"மிஸ், அங்க என்ன சத்தம்?"

"எங்கப்பா செத்துட்டாரு. காலையில."

அந்தப் பெண் கேட்டாள். "அப்ப எனக்கு எதுக்கு மிஸ் போன் பண்றீங்க?"

இதற்குப் பயிற்சி வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை. "நீ பொய் சொல்றேன்னு அவர் சொன்னாரு. நான் நம்பல."

"யாரு மிஸ்?"

"எங்கப்பா. பக்கத்துலயே படுத்திருந்தாரு. நம்ம கிளாஸ் எல்லாத்தையும் கேட்டாரு."

"அவருக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றாள் அந்தப் பெண். "எனக்கு எதுவுமே புரியல மிஸ். மொத நாள்லேர்ந்தே. எல்லாரும் புரிஞ்சுது புரிஞ்சுதுங்கிறாங்க. நான் ஒருத்தி மட்டும் எப்படி இல்லன்னு சொல்றது? எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

"எவனுக்கும் புரியலடி. கிளாஸ்ரூமா இருந்து, பக்கத்துல இருக்கிறவன் முழிக்கிறதப் பாத்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

மணி பதினொன்று ஐம்பத்தைந்து. அழைப்பை வைக்காமலே மெயிலைத் திறந்து மறுப்பு என்பதை அழுத்தினாள். காரணம் கேட்டது. 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதி அனுப்பினாள்.

"பேர் இருக்கும். ஆனா இது ஒரு வாரத்துக்குத்தான். அப்புறம் நீதான் முடிவு பண்ணணும்."

கீழே வண்டி பின்னோக்கி வரும் சத்தம். அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"வச்சிடட்டுமா மிஸ்?"

"வைக்காத. புக்கு இருக்கா?"

"இருக்கு."

"மொதப் பாடத்த எடு. வாசி. எங்க புரியலையோ அங்க நிறுத்து."

"இப்பவா மிஸ்?"

"இப்பதான்."

வண்டியில் அப்பாவின் பக்கத்துப் பலகையில் அவள் உட்கார்ந்தாள். அண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில். திருப்பங்களில் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

"எந்த அளவீடும் முழுமையாகச் சரியானதல்ல," என்று அந்தப் பெண் வாசித்தாள். "ஒவ்வொரு அளவீட்டிலும் ஓரளவு பிழை…" நிறுத்தினாள். "இங்கயே புரியல மிஸ்."

"மறுபடி வாசி."

மறுபடி வாசித்தாள். முன் ஜன்னல் வழியே வந்த லாரிகளின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை.

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "என்னங்க அது, ரேடியோவா?"

"இல்ல," என்றான் அண்ணன். திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி, இறுகிப் போயிருந்த கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தன் பக்க ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றினான்.