முதல் பூச்சு

இது முதல் பூச்சு இல்லை, இது அம்மா பூசியது. அந்த வாக்கியம் காலையிலிருந்து தையற்காரியின் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கு மட்டும் வரவில்லை. அந்தக் காலத்து வணிகர் ஒருவர் கட்டிய வீட்டின் பின்கட்டில், சிறு வயதில் அம்மாவோடும் தம்பியோடும் அவள் குடியிருந்த சிற்றறையில் நின்றிருந்தாள். எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத்தைப் படிப்படியாகச் சுரண்டி வைத்திருந்தார்கள். மேலே மஞ்சள், அதற்குள் பச்சை, பச்சைக்குள் பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், வெறும் காரையை ஒட்டி, அந்த நீலம். ஆயிரம் நூற்கண்டுகளுக்கு நடுவே போட்டாலும் இதை அவள் எடுத்துவிடுவாள்.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க வந்திருந்த பொறியாளர் சின்னப் பெண்; மூக்குக்கண்ணாடியில் எப்போதும் சுண்ணாம்புத் தூசி. அவளுடைய கண்டுபிடிப்பைத் தம்பி மூன்று நாளாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு வீடு கட்டியபோது அடித்த நிறமே இதுதானாம். இனி முகப்புக்கும் இதே நிறம். பார்க்கப் பிடித்துப்போனால் தெருவிலுள்ள பன்னிரண்டு பழைய வீடுகளுக்கும் இதே நிறம். வேலை தம்பிக்கு. இத்தனை வருஷம் யாருக்கோ கீழே பெயின்ட் அடித்தவன் முதன்முதலாக மேஸ்திரியாகிறான். பழைய வீடுகளைப் பாதுகாக்கும் குழு ஒன்றே ஒன்றுதான் கேட்டது. இங்கே குடியிருந்த யாராவது, தாங்கள் வந்தபோதே இந்த நிறம் இருந்ததென்று எழுதித் தர வேண்டும்.

தம்பியைக் குறை சொல்ல முடியாது. அம்மா நீலம் பூசியபோது அவனுக்கு நடக்கக்கூட வரவில்லை. அவளுக்கு எட்டு வயது. ஏழு குடித்தனங்கள் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில் ஜன்னல் இல்லாத அறை இவர்களுக்கு வாய்த்தது. சுவர் ஈரம் கண்டு, செதில் செதிலாக உதிர்ந்து, தூங்குகிறவர்கள் முகத்தில் விழும். ஒரு மழைக்கால மதியம் அம்மா இரும்புக் கரண்டியை எடுத்து, காரை தெரியும்வரை நான்கு சுவரையும் வழித்துத் தள்ளினாள். பிறகு சுண்ணாம்பைக் கரைத்து, துணிக்குப் போடும் நீலத்தில் பாதிப் பொட்டலத்தை அதில் கொட்டினாள். பக்கத்துக் குடித்தனக்காரி எட்டிப் பார்த்து, "என்னடி, சுவத்துக்கே சலவையா?" என்றாள். அம்மா திரும்பாமலே, "நீலம் போட்டா சுவர் கொஞ்சம் தள்ளிப் போகும்" என்றாள்.

தள்ளித்தான் போனது. அன்று பாயில் படுத்தபோது அறை எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள், இன்னும் நீட்டினாள், இனி எட்டாது என்று நினைத்த நேரத்தில் விரல் நுனியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. இப்போதும் சில நாள் தையல் மெஷின் மேலேயே கண்ணயர்ந்துவிட்டால் அந்தச் சுவர் மெல்ல மெல்ல நகர்ந்து போகும். கூடவே அம்மாவும் போவாள், முதுகு மட்டும் தெரிய.

கையெழுத்துப் போட்டால் என்ன? தெரு நெடுக அம்மாவின் நீலம். ஒரு ஜன்னலுக்கு வழியில்லாதவள் பன்னிரண்டு வீட்டு வாசலிலும் நிற்பாள். தம்பி தலைநிமிர்ந்து நடப்பான். பேனாவைத் திறந்தேவிட்டாள். அப்போதுதான் பொறியாளர், வாசலில் மாட்டப்போகும் பலகையின் வாசகத்தை ஆசையாகக் காட்டினாள். கடைசி வரி: வணிகரின் மனைவி விரும்பித் தேர்ந்த நீலம். அது ஊகம்தான் என்று அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். கேட்க அழகாக இருக்கும் என்றாள். முன்கட்டில் யாரோ கூப்பிட, கையெழுத்துக்கான காகிதத்தை மேசையில் விட்டுவிட்டுப் போனாள்.

கூடவே வந்து நின்றிருந்த தம்பி பொறுமையிழந்தான். "அக்கா, ஒரு கையெழுத்து. தலையில இருந்து கிரீடமா கழண்டு விழப்போகுது?"

"நாம வந்தப்போ இந்த நிறம் இல்லடா."

"அப்ப யாரு அடிச்சா?"

"அம்மா."

அவன் சிரிக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். சுவரருகே போய்க் கட்டைவிரலால் அந்தச் சதுரத்தை அழுத்தினான். முப்பது வருஷமாகச் சுவர்களைத் தொட்டுத் தொட்டே சோறு தின்ற விரல். அவன் அங்கேயே நின்றான், முதுகைக் காட்டிக்கொண்டு.

"எனக்கு அம்மா முகமே சரியா ஞாபகமில்ல" என்றான். பிறகு, குரலை இன்னும் தாழ்த்தி, "யாருக்குத் தெரியப்போகுது அக்கா? வேற யாரும் உயிரோட இல்ல" என்றான்.

அதுதான், என்று அவள் நினைத்தாள்; நானும் கையெழுத்துப் போட்டுவிட்டால் இது அம்மா பூசியதென்று சொல்ல யாருமே இல்லை. பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"நான் எழுதித் தர மாட்டேன்டா."

அவன் திரும்பவில்லை. வெளியே காற்று எழுந்து, சாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்குப் படுதாவை உப்பவைத்தது. வீடு முழுவதும் ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் வைத்திருப்பதுபோல இருந்தது.