கார்டு இல்லாதவரின் வயது

1970 முதல் 1985 வரை ஆம்பூர் கிருபானந்தத்துக்கு வயது இருபத்தெட்டு. அந்தப் பதினைந்து வருஷத்தில் ஆட்டுத்தோல் விலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷங்களை விட வராத வருஷங்களே அதிகம். பஜாரில் பிரியாணி விலை மூன்று மடங்கானது. கிருபானந்தம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். முகத்தைப் பார்த்தால் 'அவன்' என்று எழுத வேண்டும், பிறந்த தேதியைப் பார்த்தால் 'அவர்'. இங்கே மரியாதை பிறந்த தேதிக்கு.

ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்த ஒரு தோல் ஷாப்பில் அவருக்கு வேலை. தோல் பதனிடும் ஆலையை அந்தப் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்வார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல்களை இழுத்து வெளியே போட வேண்டும். காலையில் வாசல் கடிகாரத்தில் கார்டைச் செருகினால் டங் என்று மணி அச்சாகும். சாயந்திரம் சங்கு ஊதியதும் இன்னொரு டங். சங்குக்குப் பிறகும் நிற்கச் சொன்னால் அது ஓவர்டைம், அதற்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். ஏற்றுமதி சூடு பிடித்த வருஷங்களில் இந்த இரட்டைச் சம்பளம் மானேஜர் ஜெபசீலனுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சங்குக்குப் பிறகு யார் அதிகம் நிற்கிறார்களோ அவர்களை சூப்பர்வைசர் ஆக்கிவிடுவது. சூப்பர்வைசர் என்றால் ஸ்டாஃப். ஸ்டாஃபுக்கு மாதச் சம்பளம், ஓவர்டைம் கிடையாது. பதிலுக்கு ஒரு விசில், ஒரு மடக்கு நாற்காலி, கிளாஸுக்குக் கீழே சாசர் வைத்து டீ.

"கார்டைக் குடு," என்றார் டைம்கீப்பர் காசி. "இனிமே உனக்கு இன்னாத்துக்குக் கார்டு? நீ ஆபீஸரு. எப்ப வந்தே, எப்ப போனேன்னு எவனும் உன்னைக் கேக்க முடியாது." சொல்லிவிட்டுக் கார்டை இரண்டாகக் கிழித்தார். கிருபானந்தம் பூரித்துப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார், ஆலங்காயத்திலிருந்து வந்த மச்சான்களுக்குக் கடன் வாங்கி விருந்து வைத்தார். தோல் ஷாப் ஜனங்கள் எல்லோருமே செய்த தப்பு இது. கார்டு வேண்டாம் என்று சொன்னால் அதை மாலை போட்ட மாதிரி எடுத்துக்கொள்வார்கள். கடிகாரம் எண்ணாவிட்டால் வேறு யார் எண்ணுவார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து அவர் அதே தோல்களை அதே தொட்டியிலிருந்து இழுத்துப் போட்டார், கழுத்தில் விசிலோடு. நாற்காலியில் உட்கார நேரமில்லை. வாட்ச்மேன் வளர்த்த கோழி ஒன்று அதில் முட்டையிடப் பழகிக்கொண்டது. சங்கு ஊதியதும் கார்டுக்காரர்கள் போய்விடுவார்கள், மிச்ச வேலை விசில்காரர் தலையில் விழும். கார்டு கிழிந்த நாளிலிருந்து அவருக்கு முடி வளரவில்லை, நகம் வளரவில்லை. முதலில் நஷ்டப்பட்டது சலூன்காரர்தான். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார் என்று நினைத்து இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிருபானந்தமோ பிளேடு செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். ஷாப்பின் வாலிபால் டீமில் தொடர்ந்து ஆடினார். கூட ஆடியவர்களுக்குத் தொப்பை விழுந்து, மூட்டு தேய்ந்து, ஒவ்வொருவராக வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் வலைக்கு மேல் எழும்பி அடித்துக்கொண்டே இருந்தார். ஜெபசீலன் சென்னையிலிருந்து வரும் பெரிய மனிதர்களிடம் அவரைக் காட்டி, "எங்க கம்பெனி ஸ்டாஃபுக்குக் குடுக்கற சலுகை சார்," என்பார்.

சலுகை பரவியது. வேலு என்ற பையனை மீசை அரும்பும் வயதில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அரும்பிய மீசை அதோடு நின்றது, பெண் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. ஷூ மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருந்த மஹ்பூபி 1980-இல் எட்டாவது மாதத்தில் பிரசவ லீவு கேட்டாள். லீவுக்குப் பதில் விசில் கொடுத்தார்கள். அதன் பிறகு அவளுக்கு ஒன்பதாவது மாதம் வரவேயில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஐந்து வருஷம் தையல் மிஷின்களுக்கு நடுவே விசில் ஊதி நடந்தாள். மாமியார் முதல் வருஷம் தர்காவுக்குக் கூட்டிப்போனார், இரண்டாம் வருஷம் டாக்டரிடம், அதற்குப் பிறகு பேஜாராகி விட்டுவிட்டார்.

கிருபானந்தத்தின் மனைவி ஜெயபுஷ்பம் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினம் பாசஞ்சரில் காட்பாடிக்குப் போய் வருவாள். கையெழுத்துப் போட்டு டியூட்டி ஏறி, கையெழுத்துப் போட்டு இறங்குகிற வேலை, அதனால் அவளுக்கு வயது ஒழுங்காக வந்தது. கல்யாணத்தின்போது அவள் அவரைவிட இரண்டு வயது சின்னவள். 1972-இல் இருவரும் ஒரே வயது. அதற்குப் பிறகு அவள் முன்னால் போனாள். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள். நாட்றம்பள்ளியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "உங்க தம்பிக்குப் பொண்ணு பாக்கறீங்களாம்மா? எங்க நாத்தனார் பொண்ணு ஒண்ணு டீச்சர் டிரெயினிங் முடிச்சிருக்குது," என்று விசாரித்தார். ஜெயபுஷ்பம் பாயசத்தைத் தொடாமல் எழுந்தாள். அதற்குப் பிறகு தெருவில் அவரோடு சேர்ந்து நடப்பதை நிறுத்தினாள். பத்தடி முன்னால் போவாள், அல்லது பின்னால் வருவாள்.

நாற்பது முடிந்த அன்று மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கிருபானந்தம் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் மட்டும் தனியா கெழவியாய்டுவேன் போலக்குது," என்றாள்.

"நான் இன்னா பண்றது புஷ்பம்? எனக்கு வயசு வர்ல."

"வர்லன்னா கேட்டு வாங்குங்க. உங்க வயசு அந்த மனுஷன் கிட்ட எதுக்கு இருக்கணும்?"

அவர் பந்தைக் கீழே வைத்தார். உண்மையைச் சொன்னால், வயது ஏறாமல் இருப்பது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்தார். கம்பெனி வைத்திருப்பது தன்னுடைய பதினான்கு வருஷம் மட்டுமல்ல, அவளோடு சேர்ந்து கழித்திருக்க வேண்டிய பதினான்கு வருஷம் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் வேலுவையும் மஹ்பூபியையும் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்கு பஸ் ஏறினார். மஹ்பூபிக்கு பஸ்ஸில் உடனே சீட் கிடைத்தது. நான்கு வருஷமாக அவளுக்குக் கிடைத்த ஒரே வசதி அதுதான்.

தொழிலாளர் அதிகாரி அமிர்தவள்ளி அம்மையார் வயது நின்று போனதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பல் நின்று போனவர்கள், நிழல் நின்று போனவர்கள் எல்லாம் அந்த மேஜைக்கு வந்திருக்கிறார்கள். அவர் நேராக ஷாப்புக்கே வந்தார். ஜெபசீலன் மடக்கு நாற்காலியைக் காட்டி, "பாருங்க மேடம், ஆபீஸர் நாற்காலி," என்றார். கோழி எழுந்திருக்க மறுத்தது.

அம்மையார் கிருபானந்தத்திடம் திரும்பினார். "நீங்க சூப்பர்வைசர்னா, யாருக்காவது லீவு குடுத்திருக்கீங்களா?"

"எனக்கே யாரும் குடுக்கல மேடம்."

"யாரையாவது வேலைக்கு வெச்சிருக்கீங்களா, வெளிய அனுப்பிருக்கீங்களா?"

"விசில் ஊதுவேன் மேடம்."

"ஊதினா இன்னா ஆவும்?"

"நானே போயி தோலை இழுப்பேன்."

அம்மையார் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். சுண்ணாம்பு தின்று விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பெயர் எதுவாக இருந்தாலும் செய்கிற வேலைதான் கணக்கு, இவர்கள் தொழிலாளர்கள், கார்டு கிழித்த நாளிலிருந்து இவர்களுக்கு ஓவர்டைம் பாக்கி இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். ஜெபசீலன் மேலே மேலே அப்பீல் போய்ப் பார்த்தார். 1985-இல் போக இடமில்லாமல் போனது.

பட்டுவாடா அன்று ஷாப்பே ஆபீஸ் வாசலில் நின்றது. வேலு முதலில் கையெழுத்துப் போட்டான். அந்த இடத்திலேயே மீசை கிடுகிடுவென்று வளர்ந்து இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டது. அவன் கண்ணாடி கேட்டான். மஹ்பூபிக்கு ரசீது காய்வதற்குள் வலி எடுத்தது, தையல் பிரிவுப் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். பிறந்தது பெண். தொட்டிலில் போட முடியாத உயரம். தானாகவே எழுந்து நின்று, "அம்மீ, தண்ணி," என்றது. திங்கட்கிழமை அதை நேராக ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். அந்த உயரத்தைப் பார்த்தபோதே கணக்குப் போடத் தெரிந்த யாராவது ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எல்லோரும் குழந்தைக்குத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கிருபானந்தத்தின் முறை வந்தது. ஜெபசீலன் பேனாவைக் கையால் மூடிக்கொண்டு, "யோசிச்சுக்கோ கிருபா. பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். இருபத்தெட்டு வயசு யாருக்குக் கெடைக்கும்?" என்றார். கிருபானந்தம் யோசிக்கத்தான் செய்தார். வெளியே மைதானத்தில் பசங்கள் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். டியூட்டி முடிந்து வெள்ளைச் சேலையோடு வந்த ஜெயபுஷ்பம் கதவோரம் நின்றிருந்தாள், வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மானேஜரின் விரல்களை விலக்கிப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வருஷங்கள் வந்தன. முதலில் காதோரம் நரைத்தது. நெற்றி ஏறியது. முட்டி சொடக்கு விடுவது வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது. நாற்பத்து மூன்று வந்ததும் ஜெயபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்," என்றாள். நிற்கவில்லை. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு என்பது சட்டம். பணம் இரட்டிப்பாக வந்தால் வருஷமும் அப்படித்தானே வரும்? பதினைந்து வருஷப் பாக்கிக்கான வழக்கில் வக்கீலுக்கோ அதிகாரிக்கோ வாதிக்கோ இது தோன்றவே இல்லை. பல் இரண்டு விழுந்தது, தோள் இறங்கியது, முதுகு லேசாக வளைந்தது. ஐம்பத்தெட்டில் போய் நின்றது. ஷாப்பில் ஓய்வு வயதும் ஐம்பத்தெட்டு. ஜெபசீலன் தயாராக வைத்திருந்த மாதிரி ஒரு மாலையைக் கொண்டுவந்து போட்டு, அன்றைக்கே கணக்கை முடித்துவிட்டார். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு கிடைத்த கார்டில் ஒரு டங் கூட விழவில்லை.

"இன்னாம்மா, திருப்தியா?" என்றார் மானேஜர், ஜெயபுஷ்பத்திடம். "தம்பி மாதிரி இருந்தவரு இப்ப அப்பா மாதிரி ஆய்ட்டாரு."

ஜெயபுஷ்பம் புருஷன் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பார்த்தாள். நாற்பத்தொரு வயதில் ஒருத்தி தன் கணவரை முதல் தடவை பார்ப்பது போல என்று சொன்னால் தப்பில்லை. பிறகு மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "நீங்க மெதுவா நில்லுங்க. நான் நடந்து வந்து சேந்துக்கறேன்."

அன்று பஜார் வழியாக இருவரும் ஒட்டி நடந்து வீட்டுக்குப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். அவள் கையை விடவில்லை. அந்த வருஷத்திலிருந்து ஷாப்பில் விசில்காரர்களுக்கும் கார்டு உண்டு. எல்லோரும் வருஷத்துக்கு ஒரு வயது ஒழுங்காகக் கிழவர்கள் ஆனார்கள், சங்குக்குப் பிறகு நின்றவர்கள் கொஞ்சம் சீக்கிரம்.

கிருபானந்தம் ஆகவில்லை. ஒரே வயதில் நிற்பது அவருக்குப் பதினைந்து வருஷம் பழகிய வேலை. முன்பு கம்பெனி நிறுத்தியது, இப்போது அவராகவே நின்றார். 1989-இல் ஜெயபுஷ்பத்துக்கு நாற்பத்தைந்து, அவருக்கு அதே ஐம்பத்தெட்டு. காலையில் சோறு வடித்து டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பார். சாயந்திரம் ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்காருவார். ஒரு நாள் சரக்கு புக் பண்ண வந்த வேலு, மீசையில் நரை எட்டிப் பார்க்க, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாண்ணே, இன்னும் அதே அம்பத்தெட்டா?"

"அவளுக்கு இன்னும் பதிமூணு வருஷம் இருக்குதுடா," என்றார் கிருபானந்தம். "நான் மட்டும் முன்னாடி போயி இன்னா பண்ணப் போறேன்?"

வேலு அது நியாயம்தான் என்று தலையாட்டினான். காட்பாடி பாசஞ்சர் அன்றைக்கு முக்கால் மணி நேரம் லேட்.