கிணற்றடி ஆறு மரங்கள்

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கோடாரிச் சத்தம் கேட்டது. விறகு பிளக்கிற சத்தம் எனக்குத் தெரியும். இது வேறு. நிற்கிற மரத்தில் விழுகிற வெட்டு. கையில் ஒட்டிய மாவோடு ஓடிப் பார்த்தால், மார்ச் மாதச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்று என் வீட்டுக்காரர் ஆசெல் பார்மலி எங்கள் ஆப்பிள் தோட்டத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார். ஓரத்து வரிசையில் மூன்று மரங்கள் ஏற்கெனவே சாய்ந்து கிடந்தன.

யாரை நோவது? வினையை விதைத்தவளே நான்தான். மதுவிலக்குச் சங்கத்தின் உறுதிமொழித் தாளைத் தூக்கிக்கொண்டு இரண்டு குளிர்காலம் வீடு வீடாக அலைந்தேன். கால்வாய்க் கரையிலிருந்து மேட்டு ஆலை வரை நான் ஏறாத படி இல்லை. ஒரு வீட்டில் நாய் கடித்தது, இன்னொரு வீட்டில், "முதல்ல உன் புருஷன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா தாயி" என்று சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். ஜாக்சன் ஜனாதிபதியாக ஜெயித்த தேர்தலில், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் ஆப்பிள் கள்ளுப் பீப்பாயைத் திறந்துவைத்தார்கள். மூன்று நாள் கழித்து ஆசெலைப் பக்கத்து ஊர்க் கொட்டகையிலிருந்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஓட்டு அவருடையது, வண்டி ஓட்டினது நான். அப்படியும் இருநூற்றுப் பதினோரு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் எல்லோருக்கும் முன்னால், இருநூற்றுப் பன்னிரண்டாவதாக ஆசெலும் எழுதினார். நான் அழுத அழுகையில் என் தொப்பியின் நாடா நனைந்துபோயிற்று.

அதற்கு இதுவா பலன்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக அல்லவா இருக்கிறது!

"என்னங்க இது? கள்ளுதானே வேணாம்னு எழுதினீங்க. மரம் என்னங்க பண்ணிச்சு?"

ஆசெல் நிமிரவில்லை. "மரம் இருந்தா பழம் இருக்கும். பழம் இருந்தா நான் பிழிவேன்."

"அப்ப ஊறுகாய்க் காடிக்கு எங்க போறது? பன்னிக்கு என்ன போடுறது? குளிர்காலத்துல எதைத் திங்கிறது, உங்க உறுதிமொழியையா?"

"லோவினா, நீ உள்ள போ."

புளிப்பு ஆப்பிள் மரங்களைப் பற்றி எனக்கு உண்மையில் அவ்வளவு கவலை இல்லை. நாற்பது மரம், எல்லாம் விதையிலிருந்து தானாக முளைத்தவை, கள்ளுக்குத் தவிர வேறெதற்கும் ஆகாதவை. ஒழியட்டும். ஆனால் கிணற்றடியில் நிற்கிற ஆறு மரமும் அப்படியல்ல. கல்யாணமாகி கனெக்டிகட்டிலிருந்து வரும்போது, எங்கள் அப்பாவின் மரத்தில் வெட்டிய ஒட்டுக்குச்சிகளை உருளைக்கிழங்கில் செருகி, ஈரம் காயாமல் பதினெட்டு நாள் வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் கையால் ஒட்டுக் கட்டினேன், ஏழு வருஷம் காத்திருந்தேன். மஞ்சள் தோல், தேன் மாதிரி இருக்கும். சட்டப்படி அதுவும் ஆசெலுடையதுதான். நான் கொண்டுவந்த தட்டுமுட்டு, மெத்தை, நான் போட்டிருக்கிற செருப்புகூட அவருடையதுதான் என்கிறார்கள். அதற்காக மரம் யார் கையைப் பார்த்து வளர்ந்தது என்பது இல்லாமல் போய்விடுமா?

"சரி, புளிப்பு மரத்தை எல்லாம் வெட்டுங்க. கிணத்தடி ஆறை மட்டும் விட்டுடுங்க. அது தின்ற பழம்."

அப்போதுதான் கோடாரியைக் கீழே வைத்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது.

"இனிப்பும் புளிக்கும் லோவினா. உனக்குத் தெரியாது, போன வருஷம் அதையும் பிழிஞ்சிருக்கேன். நீ தூங்கினப்புறம். ஒரு மரம் விட்டாலும் நான் அதுகிட்டதான் போவேன்."

குடிக்கிற மனுஷனோடு சண்டை போட எனக்குத் தெரியும், பதினோரு வருஷப் பழக்கம். பயந்துபோய் நிற்கிறவரோடு எப்படிப் போடுவது? ஆனாலும் மனசு ஆறவில்லை. அன்று மத்தியானம் சங்கக் கூட்டம் இருந்தது. போதகர் ட்ரெட்வெல் ஒரு வார்த்தை சொன்னால் ஆசெல் கேட்பார். கள்ளுதான் பாவம், மரம் இல்லை என்று அவர் வாயால் வந்துவிட்டால் போதும். சேறு தெறிக்கத் தெறிக்க நடந்தேன்.

எங்கள் கூட்டங்களில் பெண்கள் எழுந்து பேசுவதில்லை. கையெழுத்து வாங்கலாம், மெழுகுவர்த்தி கொண்டுவரலாம், தரை கூட்டலாம். சொல்ல ஏதாவது இருந்தால் சீட்டில் எழுதி மேஜைக்கு அனுப்ப வேண்டும், போதகர் படிப்பார். அனுப்பினேன். என் வீட்டுக்காரர் நாற்பத்தாறு ஆப்பிள் மரங்களையும் தனியாக வெட்டத் தொடங்கியிருக்கிறார் என்று ஆரம்பித்து, கிணற்றடி ஆறு மரங்களை விட்டுவைக்கும்படி சங்கம் அவருக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தேன்.

போதகர் முதல் வரியைத்தான் படித்தார். படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆண்கள் பக்கம் ஒருவர் எழுந்து கைதட்டினார், பிறகு எல்லோரும். "நாப்பத்தாறு மரம்! தனி ஆளா!" என்று யாரோ கத்தினார்கள். ஆலைக்காரர் மேசையைத் தட்டி, "ஒத்தை ஆளை விட்டுட்டு நாம வேடிக்கை பார்க்கிறதா? வியாழக்கிழமை எல்லாரும் கோடாரியோட போவோம், கூடுவேலை வச்சிடுவோம்" என்றார். கொட்டகைக்கு மரச் சட்டம் தூக்க, சோளம் உரிக்க, எதற்கானாலும் ஊர் கூடிச் செய்வது எங்கள் வழக்கம்தான். மரம் வெட்டி ஒழிக்கக் கூடுவது இதுதான் முதல் தடவை.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஐயா, சீட்டுல இன்னும் இருக்கு. முழுக்கப் படிங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பக்கத்திலிருந்த மெஹிட்டபிள், என்னோடு இரண்டு குளிர்காலமும் படியேறினவள், என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி! பைத்தியமா உனக்கு?"

போதகர் கனிவாகத்தான் சிரித்தார். "சகோதரி, சந்தோஷம் தாங்காம எந்திரிச்சுட்டீங்க, புரியுது. எதுவானாலும் உங்க வீட்டுக்காரர் மூலமா சொல்லுங்க."

வீட்டுக்காரர் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதானே ஐயா சீட்டே எழுதினேன்! வாய் வரை வந்தது. ஓட்டெடுத்தார்கள், ஆண்கள் கை தூக்கினார்கள். நான் வாங்கிய இருநூற்றுப் பதினோரு கையெழுத்தும் அந்த மேஜையில் சுருட்டி வைத்திருந்தது, அதன் மேல் ஒருவர் தொப்பியை வைத்திருந்தார்.

கூடுவேலைக்கு வருகிறவர்களுக்கு வீட்டுக்காரிதான் சமைத்துப் போட வேண்டும். அதுவும் வழக்கம். புதன்கிழமை முழுக்க அடுப்படியில் நின்றேன். பன்றித் தொடை இருந்தது, அவரை இருந்தது. இனிப்புக்கு? அடுப்புக் கூண்டில் நூலில் கோத்துத் தொங்கிய காய்ந்த ஆப்பிள் வளையங்கள்தான் மிச்சம். கிணற்றடி மரத்துப் பழம், போன அக்டோபரில் அறுத்துக் கோத்தது. இனி ஆயுசுக்கும் கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்தே எல்லா நூலையும் அவிழ்த்துக் கொட்டி ஊறவைத்தேன். மாவு அப்பத்துக்குள் ஆப்பிளைப் பொதிந்து ஒன்பது ஆப்பிள் 'பை' சுட்டேன். ஏன் அத்தனையையும் போட்டேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆத்திரம்தான்.

வியாழக்கிழமை முப்பது பேர் வந்தார்கள். பகல் பாதிக்குள் புளிப்பு வரிசை முழுக்கத் தரையில் கிடந்தது. நல்ல வேலைக்காரர்கள், குறை சொல்ல முடியாது. தண்ணீரையும் காப்பியையும் குடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்கள். ஐந்து மரம் போயிற்று. ஆறாவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஆசெல் எடுத்துக்கொண்டார், அதாவது தன் கையால் வெட்ட. அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

போதகர் ஈரம் காயாத ஒரு அடிக்கட்டையில் உட்கார்ந்து ஆப்பிள் பையைத் தின்றார். கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

"சகோதரி, இப்படி ஒரு ருசியை நான் பாஸ்டன்லகூடப் பார்த்ததில்ல. என்ன ஆப்பிள் இது? எங்க கிடைக்குது?"

கையில் கத்தி இருந்தது. அதாலேயே காட்டினேன். "நீங்க உக்காந்திருக்கீங்களே ஐயா, அதுலதான்."

சுற்றியிருந்தவர்களின் வாய் அசைவது நின்றது. போதகர் எழுந்தார். அடிக்கட்டையைக் குனிந்து பார்த்தார், கால்சட்டையின் பின்னால் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டார். ஏதோ சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது ஒரே ஒரு வார்த்தை போதும், இன்னும் ஒரு மரம் நிற்கிறது.

"அப்படியா" என்றார். மறுபடி உட்கார்ந்தார். தட்டை நீட்டினார். "இன்னொரு துண்டு இருக்குமா?"

தட்டத்தில் கடைசித் துண்டு ஒன்று இருந்தது. அவர் தோளுக்கு மேலே பார்த்தேன். ஆப்பிள் பையைத் தொடவே தொடாத ஒரே ஆள், ஆறாவது மரத்தடியில் கோடாரியை ஊன்றிக்கொண்டு, மொட்டு வீங்கிய கிளையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு லேசாக அசைந்தது. ஜெபமா, தாகமா என்று இங்கிருந்து தெரியவில்லை.