நாலு கம்பியும் ஒரு விரலும்

தமிழ்செல்வனுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே சோறு இறங்கவில்லை. பின்னே எப்படி இறங்கும்? எட்டு வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவன், யுகுலேலே என்கிற நாலு கம்பி வாத்தியத்தை வாசித்தே பிழைப்பேன் என்று 2006 பொங்கலோடு வேலையை உதறிவிட்டுக் கிளம்பி ஆறு மாதம் ஆகியிருந்தது. கல்யாண ரிசப்ஷன், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று கிடைத்த இடத்திலெல்லாம் வாசித்தான். ஊரே அதைக் குட்டி கிடார் என்றது. திருத்தித் திருத்தி வாய் வலித்து அவனும் விட்டுவிட்டான்.

இப்போதுதான் நிலையாக ஓர் இடம் கூடி வந்திருந்தது. பனியன் கொள்முதலுக்கு வருகிற வெளிநாட்டு பையர்கள் தங்குகிற ஓட்டல். அதன் முதலாளி பொங்கியண்ணன் பட்டென்று சொல்லிவிட்டார்: "இன்னிக்கு ஒரு நா வாசிங்க தம்பி. சனத்துக்குப் புடிச்சா வாராவாரம் சனிக்கெழமை உங்களுதுதான். புடிக்கலீன்னா மனசுல வெச்சுக்காதீங்க."

பிடிக்கவில்லை என்றால் திங்கட்கிழமை மறுபடி கட்டிங் டேபிள். மனைவி சித்ரகலாவுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தான்.

சித்ரகலா லேசுப்பட்ட ஆள் இல்லை. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஆயிரம் பனியனில் ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண் நேராக அங்கே போய்த்தான் நிற்கும். சாயங்காலம் அவளும் கூடவே வந்து, ஓட்டல் சமையலறைக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, பயமா இருக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்ல புள்ள," என்றான். பச்சைப் பொய்.

மேடை ஏறியதும் எதையும் அழுத்தாமல் நாலு கம்பியையும் ஒருமுறை வருடிப் பார்த்தான். சுருதி சுத்தம். மனசு துள்ளியது. சிரித்துக்கொண்டே இடது கை விரல்களைப் பதித்து நாலு சுரமும் சேர்ந்தொலிக்கிற முதல் கார்டை வாசித்தான்.

அய்யோ, அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டுமே! பூனை வாலை மிதித்த மாதிரி ஓர் அலறல். இரண்டாவது கார்டு அதைவிட மோசம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வாய்க்குக் கொண்டுபோன முட்கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டாள். பொங்கியண்ணன் தலையைச் சொறிந்தார்.

தமிழ்செல்வன் குனிந்து பார்த்தான். யுகுலேலேயில் மேல் கம்பி மெலிசு, அடுத்தது தடிமன், அப்புறம் படிப்படியாக மெலியும். அதன் பிறவிக் குணமே அதுதான். இங்கேயோ நாலும் தடிமனிலிருந்து மெலிசுக்கு ஒழுங்காக அணிவகுத்து நின்றன. நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், முகம் கொள்ளாத பெருமை. காலையில் அவன் முடிவெட்டப் போன நேரத்தில் என்ன நடந்தது என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று.

கம்பி மாறிவிட்டது என்று மைக்கில் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள்.

அப்போதுதான் மின்னல் மாதிரி தோன்றியது. சும்மா வருடியபோது நன்றாகத்தானே இருந்தது! ஒரே விரலை நாலு கம்பியின் மேலும் குறுக்கே படுக்க வைத்தால், வரிசை எப்படி இருந்தால் என்ன, நாலும் ஒரே அளவுதானே ஏறும்? ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்து கழுத்துப் பகுதியின் ஐந்தாவது கட்டத்தில் அழுத்தினான். இனித்தது! ஏழுக்கு வழுக்கினான். அங்கிருந்து சர்ரென்று கீழே இறங்கினான். கடைசிக் கம்பி மட்டும் பழைய இடத்திலேயே இருந்ததால், சுண்டுவிரலால் அதில் பாட்டை எடுத்தான்.

பிறகென்ன, ஒரே கொண்டாட்டம்தான். வழுக்கி ஏறினான், வழுக்கி இறங்கினான். முட்கரண்டி அம்மாள் மேசையில் தாளம் போட ஆரம்பித்தாள். இரண்டு பையர்கள் எழுந்து ஆடியே விட்டார்கள். விரல் எரிந்தது, அவன் நிறுத்தவில்லை. இப்படியொரு சந்தோஷம் அவனுக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

முடிந்ததும் பொங்கியண்ணன் ஓடி வந்தார். "தம்பி, இப்புடி வழுக்கி வழுக்கி வாசிச்சு நான் எங்கியும் கேட்டதில்லீங்க! சனிக்கெழமை பூரா உங்களுது. ஆனா இதே மாதிரித்தான் வேணும்!"

பின்னாலேயே சித்ரகலா வந்தாள். "பாத்தீங்களா? கம்பிய முன்னபின்ன மாத்திப் போட்டு கடைக்காரனுங்க உங்களை ஏமாத்தியிருக்கானுங்க. நாந்தான் ஒவ்வொண்ணுலயும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, வரிசையா மாத்தி, உங்க சுருதி மிசின்ல பச்சை லைட்டு வர்ற வரைக்கும் திருகி வெச்சேன். சொன்னா டென்சன் ஆவீங்கன்னுதான் சொல்லலை."

கம்பியைப் பார்த்ததும் அவனுக்கு மூண்டிருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அது முன்னபின்னதான் இருக்கோணும் புள்ள. அதான் சரி."

அவள் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான் கெடுத்துப்போட்டனுங்களா? குடுங்க, ஊட்டுக்குப் போனதும் பழையபடி மாத்திர்றேன்."

அவன் யுகுலேலேயை வெடுக்கென்று மார்போடு அணைத்துக்கொண்டான்.

"தொட்டுப் பாரு சொல்றேன்! அடுத்த சனிக்கெழமைக்கும் இந்த ராசியான வரிசைதான் வேணும்."