சின்னம்மா நெற்றியில் ஐந்து விரல்

1

இந்தக் கதை எனக்குச் சாவு வீட்டில் கிடைத்தது. சின்னம்மா சுந்தரம்மாளை எடுப்பதற்கு முன், பந்தலில் என் பக்கத்தில் இருந்த செல்லக்கிளி சொன்னாள். சின்னம்மா கடைசியாக இருந்த விளாங்குடி முதியோர் இல்லத்தில் அவள் ஆயா. பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவி ஒருத்தி கை கழுவாமல் தொட்டதால்தான் சின்னம்மாவுக்கு நோய் ஒட்டியதாம். விளக்கடித்துப் பார்த்ததில் நெற்றியில் அவள் கை தெரிந்ததாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கு உடம்பு சில்லிட்டது. நல்ல கதை கிடைத்த சிலிர்ப்பு அது.*

* இந்த வாக்கியம் பொய். அடித்துத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "தமிழ்வாணி கை கழுவுவதில் மகா சோம்பேறி. அன்று காலையும் அவள்

வேண்டாம். அந்த மாணவியை ஒருமுறை பார்த்திருக்கிறேன். டி. கல்லுப்பட்டிப் பக்கம், இரண்டாம் வருடம். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று வரிசை தப்பாமல் சோப்பு தேய்ப்பாள். கட்டிலுக்குக் கட்டில் கழுவிக் கழுவி விரல் மூட்டெல்லாம் வெடித்திருந்தது. அந்தக் கையைச் சோம்பேறிக் கை என்று எழுத எனக்கே கூசுகிறது.

3

இரண்டாம் தொடக்கம். [இதை நம்பலாம். செல்லக்கிளி பக்கத்தில் நின்று பார்த்தது.]

ஆசிரியை நாகஜோதி அன்று காலை மாணவிகளின் கையில் ஒரு களிம்பு பூசினார். கண்ணுக்குத் தெரியாது, ஊதா விளக்கில் மட்டும் நீலமாக ஒளிரும். ஒழுங்காகக் கழுவினால் போய்விடும். கழுவாத கை எங்கே பட்டாலும் அங்கே ஒட்டிக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, விளக்கோடு கட்டில் கட்டிலாகப் போனார்கள். தமிழ்வாணி பார்த்துக்கொண்ட கட்டில்கள் நான்கு. மூன்றில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு மூச்சு சீரானது. நான்காவது கட்டிலில் விளக்கு நின்றது.

சின்னம்மாவின் நெற்றியில் ஒரு கை இருந்தது. உள்ளங்கையும் ஐந்து விரலுமாக முழுக் கை, அழுத்திப் பிடித்தபடி. சின்னம்மா கண் திறந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். நெற்றி சுருங்கியதும் அந்த விரல்களும் மடங்கின.

"நீ பாத்த கட்டில்தானே இது?" என்றார் நாகஜோதி.

"கழுவிட்டுத்தான் மேடம் தொட்டேன்."

தமிழ்வாணி தன் கையை அந்த நெற்றிக்கு மேல் படாமல் விரித்துப் பார்த்தாள். நீல விரல்கள் அவள் விரல்களைத் தாண்டி நீண்டிருந்தன.

"இது என் கை இல்ல மேடம். இம்புட்டுப் பெருசா எனக்கு..."

அதற்குள் யாரோ திரையை விலக்கிவிட்டார்கள். வெயிலில் நெற்றி வெறும் நெற்றியானது. நோட்டில் அவள் பேருக்கு எதிரே சிவப்பு மை விழுந்தது. மூன்றாம் நாள் சின்னம்மாவுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. எட்டாம் நாள் போய்விட்டாள். விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று தமிழ்வாணியைக் கல்லூரி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. படிப்பே போனாலும் போகும்.

4

இதைப் பேய்க்கதையாக்கிவிடலாமா என்று பார்த்தேன். செத்துப்போன சுடலைச் சித்தப்பா பகலில் வந்து, மனைவியின் நெற்றியைத் தொட்டு

படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். தமிழ்வாணியைத் தவிர யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் நான் நிறுத்திய இடத்தில் அவள் நிற்கமாட்டேன் என்கிறாள். ஒரு பத்தியில் ஊருக்கு பஸ் ஏற்றிவிடுகிறேன், அடுத்த பத்தியில் இல்லத்துக் குழாயடியில் நிற்கிறாள். அதை அடித்துவிட்டு அவள் அம்மாவோடு சாப்பிட உட்கார வைக்கிறேன், கை கழுவ எழுந்து போனவள் திரும்பி வரவில்லை. 'அவள் குழாயை மூடினாள்' என்று எழுதினேன். என் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். குழாய் மூடித்தான் இருந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. சிங்க்கில் சோப்பு நுரை இன்னும் அடங்கவில்லை.

5

சரி. மூன்றாம் தொடக்கம்.

அன்று பதினொரு மணிக்குச் சின்னம்மாவைப் பார்க்க ஒருவன் போனான். காலையில் அவன் மகள் வாந்தி எடுத்திருந்தாள். துடைத்தெடுத்தவன் கையைத் துண்டில் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இல்லத்து வாசல் மேசையில் ஒரு பாட்டில் இருந்தது. சானிடைசர் என்று நினைத்து இரண்டு அழுத்து அழுத்தி, பொறுப்பாகத் தேய்த்துக்கொண்டான். [நாகஜோதி காலையில் பூசிவிட்டு அங்கேயே வைத்த களிம்பு. அதில் ஒரு கிருமியும் சாகாது.] உள்ளே போய், காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்தான். சின்னம்மா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"எம்புட்டு நாள் கழிச்சு வந்திருக்க. கொஞ்ச நேரம் எடுக்காதய்யா."

அவன் எடுக்கவில்லை.

அவன் நான்தான். பாட்டில், விளக்கு, நெற்றி என்று செல்லக்கிளி சொல்லச் சொல்லவே தெரிந்துவிட்டது. உடம்பு சில்லிட்டது பயத்தில். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு. நாகஜோதியின் எண் என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னே நிறுத்தினேன். சின்னம்மா மகன் விக்ரம் சாவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீயாச்சும் போய்ப் பாத்தியேண்ணே" என்றான். உண்மை தெரிந்தால் அவன் என் முகத்தில் விழிக்கமாட்டான். சொல்லாவிட்டால் அந்தப் பெண் ஆயுசுக்கும் ஒரு கிழவியைக் கொன்றவளாக இருப்பாள்.

முடிவு எழுதப் போவதில்லை. இது உங்கள் கைக்கு வரும்போது பத்து மணி எப்போதோ கடந்திருக்கும். நான் பேசினேனா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள்: பேசியிருந்தால், இதைக் கதை என்று சொல்லி எதற்காக அச்சுக்குக் கொடுக்கிறேன்?